ஐபோன் 17இல் சிம் ட்ரே இருக்காதாமே? இப்போதே 16 வாங்கிவிடுவதா, செப்டம்பர் வரை பொறுப்பதா?

மஸ்கட் செவிலி (23 ஆகஸ்ட் 2025)

வணக்கம். மஸ்கட்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி. என் கையில் இருப்பது ஐபோன் 11. அது இப்போது இரண்டு விதத்தில் படுத்துகிறது. முப்பது சதவீதம் சார்ஜ் காட்டும்போதே திடீரென்று அணைந்துபோகிறது. சார்ஜர் ஒயரை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. இரவுப் பணியில் இந்த போனை நம்பி இருக்க முடியவில்லை. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று பார்த்தால், வரப்போகும் ஐபோன் 17 பற்றி வருகிற செய்திகள் குழப்புகின்றன.

மெலிதான ஏர் மாடல், முதுகை அடைத்துக்கொண்டு நிற்கும் கேமரா மேடை, ஆரஞ்சு நிறம் என்று என்னென்னவோ சொல்கிறார்கள். அவை எப்படி இருந்தாலும் எனக்குச் சரி. கவலை ஒன்றுதான்: சிம் ட்ரேயை எடுத்துவிட்டு இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம்) மட்டும் வைக்கப் போகிறார்கள் என்கிறார்கள்.

என் ஓமான் எண் ஏற்கெனவே இசிம்மில் இருக்கிறது. ஊர் ஏர்டெல் எண் நானோ சிம்மில், அதாவது வழக்கமான சின்ன அட்டையில். அம்மாவையும் சேர்த்து வைத்திருக்கும் என்.ஆர்.ஓ. கணக்குக்கு (வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் ஊரில் வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) ஓடிபி அந்த ஏர்டெல் எண்ணுக்குத்தான் வரும். அம்மாவின் மருந்து, கரண்ட் பில், தம்பியின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் போகின்றன. போன் அணைந்து உயிர் வராத நேரங்களில் ஊசியால் ட்ரேயைத் தள்ளி, சிம்மை எடுத்து, பிளாஸ்டிக் சட்டத்தில் பொருத்தி, பழைய பட்டன் போனில் போட்டு ஓடிபியைப் படித்துக்கொள்கிறேன். ட்ரே இல்லாத போனில் இதை எப்படிச் செய்வது?

வதந்தி எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? இப்போதே 16 வாங்கிவிட்டால் ட்ரே நிச்சயம். பொறுத்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோடம்பாக்கம் கேமரா (23 ஆகஸ்ட்)

அக்கா, நான் கல்யாண வீடியோ எடுப்பவன். இந்த முறை வரும் மாற்றங்களில் பாதியை மனதார வரவேற்கிறேன். டைட்டானியத்தை விட்டுவிட்டு ப்ரோ மாடலை அலுமினியத்தில் செய்யப் போவதாக வரும் செய்தி உண்மையானால் எனக்கு அதுவே போதும். டைட்டானியத்தைவிட அலுமினியம் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மே மாத வெயிலில் மண்டப வாசலில் நின்று 4கே எடுத்துக்கொண்டிருக்கும்போது திரை மங்கிப்போகிற வேதனை எங்களுக்குத்தான் தெரியும். கேமரா மேடை அகலமாக இருந்தால் மேசையில் வைத்த போன் தொடும்போதெல்லாம் ஆடாது. பார்க்க அழகில்லை என்று பலர் வருத்தப்படுகிறார்கள். வேலைக்கு எடுத்துப்போகிறவனுக்கு அது ஒரு குறையே இல்லை.

ஏர் மட்டும் வேண்டாம். மெலிவுக்காக பேட்டரியை வெட்டினால் அது யாருக்குப் பயன்? மே மாதம் வந்த சாம்சங் எஸ்25 எட்ஜ் 5.8 மில்லிமீட்டர் தடிமன்தான். அதில் பேட்டரியின் கொள்ளளவு 3,900 எம்ஏஎச். அதையே போதவில்லை என்று வாங்கியவர்கள் சொல்கிறார்கள்.

சிம் விஷயத்தில் வதந்தி உண்மையாகும் என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 2022இல் வந்த 14 முதலே ட்ரே கிடையாது. ஐரோப்பாவில் ஆப்பிள் போன் விற்கும் கடை ஊழியர்களுக்கும் இசிம் பயிற்சி கொடுக்கிறார்கள் என்ற செய்தி இந்த மாதம் வந்தது.

ரிச்சி தெரு பழுதகம் (24 ஆகஸ்ட்)

சகோதரி, முதலில் கையில் இருக்கும் போனைக் கவனியுங்கள். வாங்குவதா வேண்டாமா என்ற பேச்சு பிறகு.

அமைப்புகளில் பேட்டரி, அதற்குள் பேட்டரி ஆரோக்கியம் என்று போய், அதிகபட்சத் திறன் எவ்வளவு என்று பாருங்கள். 80க்குக் கீழே இருந்தால் திடீரென்று அணைவதற்குக் காரணம் அநேகமாக அதுதான். பேட்டரி வயதாக ஆக உள்மின்தடை கூடும். கேமராவோ அழைப்போ ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் கேட்கும்போது வோல்டேஜ் சரிந்து போன் அணைந்துவிடும். முப்பது சதவீதம் என்று திரை காட்டினாலும் அந்த முப்பதைத் தரும் வலு பேட்டரிக்கு இருக்காது. ஐபோன் 11இன் பேட்டரி 500 சுற்றுகள் ஓடியபின் 80 சதவீதம் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஆறு வருடம் ஓடியிருந்தால் அது தன் கடமையை எப்போதோ முடித்துவிட்டது.

சார்ஜ் ஏறாததற்குப் பத்தில் எட்டுப் பேருக்குக் காரணம் துணிப்பஞ்சு. சீருடைப் பையில் போட்டு எடுக்கும் போன்களில் இது சாதாரணம். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியால் துளையின் அடிச்சுவரை மெல்லச் சுரண்டுங்கள். மெத்தைபோல அமுங்கிய பஞ்சு வரும். ஊசி, குண்டூசி எதையும் நுழைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பின் வளைந்தால் செலவு வேறாகிவிடும். சுத்தம் செய்தபின் ஒயர் "க்ளிக்" என்று உட்கார்ந்தால் தீர்ந்தது.

பேட்டரியை மாற்றிவிட்டால் இந்த போன் இன்னும் ஒரு வருடமாவது ஓடும். அடுத்து வரும் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 26உம் இதில் ஓடும். ஆகவே, அவசரப்பட்டு 16க்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ட்ரே பற்றி என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். பழுதுபார்ப்பவன் என்ற முறையில் ட்ரே போனால் எனக்கு நிம்மதி. அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் பிய்ந்து தண்ணீர் இறங்கிய போன்களும், சிம்மை ஏடாகூடமாகத் திணித்து ரீடர் பின் உடைந்த போன்களும் கடைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் இசிம் மதர்போர்டிலேயே பற்றவைத்த சிப். போர்டு செத்துப்போனால் வழக்கமான சிம்மை வெளியே எடுத்துக் கையில் கொடுத்துவிடுவேன். இசிம்மை என்னால் எடுத்துக் கொடுக்க முடியாது. நெட்வொர்க் நிறுவனத்திடம் கேட்டு மறுபடி வாங்கத்தான் வேண்டும். ஊரில் இருப்பவர் கடைக்கு நடந்துபோய் ஆதாரைக் காட்டி வாங்கிக்கொள்வார். மஸ்கட்டில் இருப்பவர் எங்கே போவார்? இந்த மாற்றத்தில் எனக்கு உறுத்துவது அதுதான். ட்ரே இருக்கும்வரை உங்கள் எண்ணை உங்கள் கையாலேயே ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஷார்ஜா வடகரை (24 ஆகஸ்ட்)

அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் கொண்டுவந்து கொடுத்த ஐபோன் 14 வைத்திருக்கிறேன். ட்ரே இல்லாத மாடல். அமீரக எண், ஊர் எண் இரண்டும் இசிம்தான். ஒரே நேரத்தில் இரண்டும் இயங்குகின்றன. ஐபோன் 13 முதல் இந்த வசதி இருக்கிறது.

இசிம்மை எல்லோரும் பயப்படும் அளவுக்கு மோசம் என்று சொல்லமாட்டேன். போனைத் திருடியவன் சிம்மைப் பிடுங்கி எறிய முடியாது என்பதே பெரிய விஷயம். ஆனால் மாற்றும் அந்த நேரம்தான் கண்டம். இந்தியாவில் சிம் மாற்றினால், அடுத்த 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் குறுஞ்செய்தி வராது, போகாது. சிம்மைத் திருட்டுத்தனமாக மாற்றிப் பணம் பறிப்பதைத் தடுக்க வைத்த விதி அது. ஓடிபியும் குறுஞ்செய்திதானே? ஒரு நாள் முழுக்க வங்கி வேலை நின்றுவிடும். ஏர்டெல்லில் 121க்கு, ஜியோவில் 199க்குக் குறுஞ்செய்தி அனுப்பித் தொடங்க வேண்டும். வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கும்போது இந்தக் குறுஎண்களுக்கு அனுப்புவது சில நேரம் போய்ச் சேராது. அதனால் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது முடித்துக்கொள்வதே சரி.

இன்னொன்று: "இசிம் மாற்றித் தருகிறோம்" என்று யாராவது தாமாக அழைத்தால் உடனே துண்டித்துவிடுங்கள். அவர்கள் அனுப்பும் இணைப்பைத் தொட்டு ஒப்புதல் கொடுத்தால், உங்கள் எண் அவர்கள் போனில் உயிர்பெறும். வங்கிக் கணக்கும் கூடவே போய்விடும்.

மஸ்கட் செவிலி (25 ஆகஸ்ட்)

எல்லோருக்கும் நன்றி. ரிச்சி தெரு அண்ணா, நீங்கள் சொன்னபடியே பஞ்சு வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு சிறு தகடாக அமுங்கிப்போயிருந்தது. இப்போது ஒயர் நேராக நிற்கிறது. பேட்டரி ஆரோக்கியம் 74 காட்டுகிறது.

ஒரு சந்தேகம். போனை மெலிதாக்கத்தான் ட்ரேயை எடுக்கிறார்கள் என்று ஒரு சக ஊழியர் சொல்கிறார். அப்படியானால் ஏர் மாடலுக்கு மட்டும்தானே இது பொருந்தும்? சாதாரண 17இல் ஏன் எடுக்க வேண்டும்?

கோடம்பாக்கம் கேமரா (25 ஆகஸ்ட்)

மெலிவு என்பது பாதிக் காரணம்கூட இல்லை அக்கா. 5.8 மில்லிமீட்டர் எஸ்25 எட்ஜில் ட்ரே இருக்கிறதே! உள்ளே இடத்தை மிச்சம் பிடித்து பேட்டரியைப் பெரிதாக்கலாம் என்பது வேறு காரணம். அதை என்னால் ஏற்க முடிகிறது. இன்றைய போனுக்குள் ஒரு சிம் ட்ரேயும் அதன் ரீடரும் பிடிக்கும் இடம் சின்னதில்லை.

ரிச்சி தெரு பழுதகம் (26 ஆகஸ்ட்)

தம்பி சொல்வது சரி. சீனாவில் விற்கும் பல ஐபோன்களில் இரண்டு நானோ சிம் போடும் ட்ரே இருக்கிறது. ஒரே போனை நாட்டுக்கு நாடு வேறு மாதிரிச் செய்யத் தெரிந்த நிறுவனம்தான் அது. ட்ரேயை எந்த நாட்டில் வைப்பது, எந்த நாட்டில் எடுப்பது என்பதை அந்தந்த நாட்டு நெட்வொர்க்குகளின் நிலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நம் ஊரில் பி.எஸ்.என்.எல். தமிழ்நாட்டில் இசிம் தொடங்கியதே இந்த மாதம்தான். இந்திய மாடலில் ட்ரே இருக்கும் என்பது என் கணிப்பு. வளைகுடா மாடலுக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது. எப்படியும் ஆப்பிள் செப்டம்பர் தொடக்கத்தில் வெளியிடுவதுதான் வழக்கம். அதுவரை பொறுங்கள். பேட்டரியை மட்டும் மாற்றிவிடுங்கள்.

ஷார்ஜா வடகரை (10 செப்டம்பர்)

நேற்று வெளியிட்டுவிட்டார்கள். நம் கேள்விக்கான பதில் இதோ.

ஏர் மாடலில் உலகம் முழுக்க ட்ரே கிடையாது. 5.6 மில்லிமீட்டர், 165 கிராம், பின்னால் ஒரே கேமரா. 17, 17 ப்ரோ, ப்ரோ மேக்ஸ் மூன்றிலும் நாட்டைப் பொறுத்து மாறுகிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ, ஜப்பான் ஆகியவற்றோடு அமீரகம், சவூதி, கத்தார், குவைத், பஹ்ரைன், ஓமான் ஆகிய ஆறு வளைகுடா நாடுகளிலும் இசிம் மட்டும். இந்தியாவில் வழக்கம்போல ஒரு நானோ சிம்மும் இசிம்மும்.

வளைகுடாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது சாதாரண மாற்றம் இல்லை. இங்கே இருப்பவர்களில் ஊர் எண்ணைக் கூடவே வைத்துக்கொள்ளாதவர் யார்? இந்த முடிவை எடுத்தவர்கள் எங்களைப் போன்றவர்களையும் நினைத்துப் பார்த்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

கோடம்பாக்கம் கேமரா (10 செப்டம்பர்)

ப்ரோ அலுமினியம்தான். ஆரஞ்சும் உண்மை. பேட்டரி விஷயத்தையும் பாருங்கள்: 17 ப்ரோவில் ட்ரே உள்ள மாடலுக்கு 3,988 எம்ஏஎச், ட்ரே இல்லாததற்கு 4,252. அந்த 264 எம்ஏஎச் ட்ரே விட்டுப்போன இடத்தில் கிடைத்தது. படப்பிடிப்புக்கு எனக்கு அது பெரிய லாபம். அக்காவின் நிலையில் இருந்தால் நானும் ட்ரேயைத்தான் கேட்பேன்.

மஸ்கட் செவிலி (13 செப்டம்பர்)

இங்கே மஸ்கட்டின் ரூவி பகுதியில் பேட்டரி மாற்றிவிட்டேன். இரவுப் பணி முழுக்கத் தாங்குகிறது. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அங்கேயே சாதாரண 17 வாங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். 82,900 ரூபாய் என்கிறார்கள். அடிப்படை மாடலிலேயே 256 ஜிபியும் 120 ஹெர்ட்ஸ் திரையும் வந்துவிட்டன என்பதால் ப்ரோ தேவையில்லை. இந்தியாவில் வாங்கி ஓமானில் பயன்படுத்துவதில் சிக்கல் உண்டா? என் ஓமான் இசிம் அதில் ஏறுமா?

ரிச்சி தெரு பழுதகம் (13 செப்டம்பர்)

நல்ல முடிவு. ஓமான் இசிம் ஏறும். ஆனால் பழைய போனை விற்பதற்கோ அழிப்பதற்கோ முன்பு புதியதில் அது இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். இசிம் கியூஆர் குறியீடு பெரும்பாலும் ஒரு முறைக்குத்தான் செல்லும். புதிய போனுக்கு நெட்வொர்க் நிறுவனத்திடம் மறுபடி கேட்க வேண்டிவரலாம். ஆகவே மஸ்கட் திரும்பும்வரை 11ஐப் பத்திரமாக வைத்திருங்கள். பழுது ஏற்பட்டால் வாரண்டியில் ஓமானில் பார்ப்பார்களா என்பதை வாங்கும் கடையில் பில் போடுமுன் கேளுங்கள். பாகங்கள் நாட்டுக்கு நாடு மாறும்போது இது முக்கியம்.

ஷார்ஜா வடகரை (14 செப்டம்பர்)

ஓடிபிக்கு ஒரே எண்ணை நம்பியிருப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள் சகோதரி. வெளிநாட்டு எண்ணைப் பதிவு செய்ய பல வங்கிகள் என்.ஆர்.ஐ. வாடிக்கையாளர்களை அனுமதிக்கின்றன. யூபிஐயையும் என்.ஆர்.ஓ., என்.ஆர்.இ. (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கும் கணக்கு) கணக்குகளுக்குச் சில நாட்டு எண்களோடு இணைக்க 2023இல் அனுமதி வந்தது. அந்தப் பட்டியலில் ஓமான் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது கிளைக்குப் போய், உங்கள் கணக்குக்கு இது உண்டா என்று கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மஸ்கட் செவிலி (14 செப்டம்பர்)

இது எனக்குத் தெரியாத செய்தி. கட்டாயம் கேட்கிறேன். ஏர்டெல் சிம்மை அப்படியே புதிய போனின் ட்ரேயில் போட்டுக்கொண்டால் அந்த 24 மணி நேரத் தடை வராதல்லவா?

ஷார்ஜா வடகரை (14 செப்டம்பர்)

வராது. அதே சிம் அட்டையை வேறு போனில் போடுவது சிம் மாற்றம் ஆகாது. எண் புதிய அட்டைக்கோ இசிம்முக்கோ போனால்தான் தடை. வங்கிச் செயலி மட்டும் புதிய போனில் மறுபடி பதிவு கேட்கும். அதை விமானம் ஏறுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே, ஊரில் சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் முடித்துவிடுங்கள். சில வங்கிகள் புதிய போனில் பதிவு செய்தவுடன் பணம் அனுப்பும் அளவைச் சிறிது காலம் குறைத்து வைக்கும். தம்பியின் கட்டணத் தேதி நெருங்கியிருந்தால் முதலில் அதைக் கட்டிவிட்டுப் போனை மாற்றுங்கள்.