செய்தி எழுதுவதும் செய்தியை அலசுவதும்: எங்கே தவறுகிறேன்?

ஈசூன் மலர்:

வணக்கம் எல்லாருக்கும். பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. தமிழில் செய்தி எழுதப் பழகுகிறேன். இரண்டு ஒப்படைப்புகள் திரும்பி வந்துவிட்டன.

முதலாவது, கற்பனைத் தீச்சம்பவம் ஒன்றை 200 சொல்லில் எழுத வேண்டும். கொடுத்த தகவல்: திங்கள் மாலை 6.40க்கு அழைப்பு, 9வது மாடி வீட்டின் படுக்கையறையில் தீ, ஒரே ஒரு நீர்க்குழாயால் அணைத்தார்கள், புகையைச் சுவாசித்த இருவர் மருத்துவமனையில், ஏறத்தாழ 60 பேர் வெளியேற்றம், மின்னேற்றிக்கொண்டிருந்த மின்சைக்கிள் மின்கலத்திலிருந்து தீ தொடங்கியிருக்கலாம் என்பது சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படையின் முதற்கட்ட விசாரணை. நான் இப்படித் தொடங்கினேன்:

"நேற்று முன்தினம் மாலை தீவின் வட பகுதியில் உள்ள அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் ஏற்பட்ட பயங்கரத் தீ விபத்து குடியிருப்பாளர்களைப் பெரும் பீதியில் ஆழ்த்தியது. தகவல் அறிந்து சம்பவ இடத்துக்கு விரைந்த தீயணைப்பு வீரர்கள் கடுமையாகப் போராடித் தீயைக் கட்டுக்குள் கொண்டுவந்தனர். மின்சைக்கிளின் மின்கலம் வெடித்ததே தீக்குக் காரணம் எனக் கூறப்படுகிறது."

ஆசிரியர் சிவப்பு மையில் "செய்தி எங்கே?" என்று மட்டும் எழுதியிருக்கிறார். இரண்டாவது, ஒரே நிகழ்வை இரு ஊடகங்கள் எப்படிக் கொடுத்தன என்று 1,000 சொல்லில் ஒப்பிடுவது. "ஒன்று நடுநிலை, மற்றது பரபரப்பு" என்று முடித்திருந்தேன். அதற்குப் பக்கத்தில் "எப்படித் தெரியும்?" என்ற கேள்வி. இரண்டையும் எங்கிருந்து சரிசெய்வது?

பேனாக்கத்தி:

மலர், உங்கள் மூன்று வரியையும் கொடுத்த தகவலோடு ஒட்டிவைத்துப் படியுங்கள். "பீதி" தகவலில் இல்லை. "பயங்கர" இல்லை. "கடுமையாகப் போராடி" இல்லை; ஒரு நீர்க்குழாயோடு முடிந்த தீ அது. "வெடித்தது" என்றும் யாரும் சொல்லவில்லை, மின்கலத்திலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றுதான் இருக்கிறது. இருப்பதோ விடுபட்டுப் போயிற்று: மருத்துவமனைக்குப் போன இருவரும் வெளியேறிய 60 பேரும் உங்கள் மூன்று வாக்கியத்தில் எங்குமே வரவில்லை. ஆசிரியர் கேட்டது அதைத்தான்.

இப்படி மாற்றலாம்:

"அடுக்குமாடி வீடொன்றில் திங்கட்கிழமை மாலை தீ மூண்டதில், புகையைச் சுவாசித்த இருவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 60 பேர் வெளியேற்றப்பட்டனர்.

படுக்கையறையில் மின்னேற்றிக்கொண்டிருந்த மின்சைக்கிளின் மின்கலத்திலிருந்து தீ தொடங்கியிருக்கலாம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்ததாகச் சிங்கப்பூர் குடிமைத் தற்காப்புப் படை கூறியது."

முதல் பத்தியில் ஆட்களுக்கு என்ன ஆயிற்று, இரண்டாவதில் ஏன், அதை யார் சொன்னார்கள். மூன்றாவதில்தான் 6.40 மணி, 9வது மாடி, நீர்க்குழாய் எல்லாம். உண்மைச் சம்பவமாக இருந்தால் முதல் பத்தியிலேயே பேட்டையின் பெயர் வேண்டும். புளோக் எண்ணும் தெருவும் கீழே வரலாம், வீட்டு எண் வேண்டவே வேண்டாம். "வட பகுதி" என்றால் ஈசூன்காரரும் உட்லண்ட்ஸ்காரரும் சேர்ந்து பதறுவார்கள். "நேற்று முன்தினம்" இணையத்துக்கு ஆகாது. கட்டுரையை அடுத்த வாரம் ஒருவர் திறப்பார். கிழமையோடு தேதியையும் போடுங்கள்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வினைமுற்று கடைசியில் வருவதால், எழுவாய்க்கும் அதற்கும் நடுவே எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். "ஏற்பட்ட", "உள்ள", "இருந்த", "செய்யப்பட்ட" என்று நான்கு வந்துவிட்டால் வாசகர் வினைக்கு வந்துசேர்வதற்குள் யார் என்பதை மறந்துவிடுவார். முகப்பில், அதாவது செய்தியின் முதல் வாக்கியத்தில், பெயரெச்சம் இரண்டுக்கு மேல் போனால் வாக்கியத்தை உடையுங்கள். ஆங்கிலத்தில் 30 சொல் பிடிக்கும் முகப்பு தமிழில் 15 முதல் 20க்குள் அடங்கிவிடும், வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடேயே ஒட்டிக்கொள்வதால்.

"கூறப்படுகிறது", "நம்பப்படுகிறது" இரண்டையும் இந்தத் தவணை முழுக்கத் தொடாமல் எழுதிப் பாருங்கள். யார் கூறினார், யார் நம்புகிறார் என்று தேட வேண்டிவரும். தேடியும் ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்த வாக்கியம் உங்களிடம் இல்லை என்று பொருள்.

தகவலில் இல்லாததைக் கேட்கவும் பழகுங்கள். இந்தச் சம்பவத்தில் முதல் கேள்வி, இருவரின் உடல்நிலை. அடுத்தது அந்தச் சைக்கிள் நிலப் போக்குவரத்து ஆணையத்தில் பதிவானதா, இங்கே மின்சைக்கிளுக்குக் கேட்கப்படும் ஈஎன் 15194 தரத்துக்கு உட்பட்டதா, மின்கலம் பிறகு மாற்றப்பட்டதா. மூன்றில் ஒன்றுக்குப் பதில் கிடைத்தாலும் உங்கள் செய்தி, அதிகாரிகள் தந்த அறிக்கையின் நகலாக இருக்காது.

மேற்கோள் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பேட்டி கொடுப்பவர்களில் பலர் ஆங்கிலத்திலோ மலாயிலோ மாண்டரினிலோ பேசுவார்கள். அதைத் தமிழாக்கி மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்தச் சொற்கள் உங்களுடையவை. பொருள் கொஞ்சமும் நழுவாது என்று உறுதியாக இருந்தால் மட்டும் குறி போடுங்கள். மற்ற இடத்தில் "என்று அவர் சொன்னார்" போதும்.

ஓரப்பத்தி:

இரண்டாவது ஒப்படைப்புக்கு வருகிறேன். "பரபரப்பு" என்பது உங்கள் தீர்ப்பு. தீர்ப்புக்கு முன் எண்ணிக்கை வேண்டும்.

இரு கட்டுரைகளையும் பத்திக்கு எண் போட்டு அச்செடுங்கள். ஒரு விரிதாளில் பத்திக்கு ஒரு வரி: என்ன தகவல், யார் சொன்னது (அதிகாரி, நேரில் பார்த்தவர், பாதிக்கப்பட்டவர், வல்லுநர், பெயரில்லாதவர், யாருமில்லை), எந்த வினைச்சொல்லோடு. "தெரிவித்தார்" என்பதும் "ஒப்புக்கொண்டார்" என்பதும் ஒன்றல்ல, இரண்டாவதில் குற்றம் ஏற்கெனவே ஏறிவிட்டது. தலைப்பு, படம், பட விளக்கம் மூன்றுக்கும் தனி வரி. எந்தத் தரப்பு எந்தப் பத்தியில் முதன்முதலாகப் பேசுகிறது என்பதைக் குறித்துவையுங்கள். பாதிக்கப்பட்டவர் 2ஆம் பத்தியில் வருவதற்கும் 11ஆம் பத்தியில் வருவதற்கும் உள்ள தூரத்தில்தான் உங்கள் கட்டுரை இருக்கிறது.

நேரம் ஒன்றாக இருக்க வேண்டும். இரவு 10 மணி இணையச் செய்தியை மறுநாள் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு, முன்னதில் தகவல் குறைவு என்பது நியாயமே இல்லை. இணையக் கட்டுரைகள் அறிவிப்பின்றி மாறும், ஆகவே பார்த்த நேரத்தோடு படம்பிடித்து வையுங்கள்.

இன்னொன்று, பல மாணவர்கள் கவனிக்காதது. தமிழ் முரசும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் எஸ்பிஎச் மீடியாவின் இதழ்கள். தமிழ்ச் செய்தியும் சிஎன்ஏவும் மீடியாகார்ப். ஒரே குழுமத்திலிருந்து இரண்டை எடுத்து, "இருவரும் ஒரே மாதிரி எழுதினார்கள், ஆகவே உண்மை" என்றால் ஒரு சாட்சியை இருமுறை எண்ணியதாகும். குழுமத்துக்கு ஒன்றாக எடுங்கள். அல்லது வேண்டுமென்றே ஒரே குழுமத்தின் தமிழ், ஆங்கில வடிவங்களை எடுத்து மொழிபெயர்ப்பில் எது விடுபட்டது என்று பாருங்கள். என் கணக்கில் இரண்டாவதுதான் சுவையான கட்டுரை.

உரிமையாளர் யார் என்பதைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். மீடியாகார்ப், அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக்குக்குச் சொந்தம். எஸ்பிஎச் மீடியாவுக்கு ஐந்தாண்டுக்கு, ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளி வரை அரசு நிதி தருவதாக 2022இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது பின்னணி. கட்டுரையில் எந்தப் பத்தி எதனால் அப்படி அமைந்தது என்பதற்கு அது சான்றாகாது.

பயிற்சிக்கு 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்தை எடுத்துப் பாருங்கள். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வெளிநாட்டு ஊழியர் ஒருவர் தனியார் பேருந்தில் சிக்கி இறந்த பிறகு மூண்டது. அளந்துபார்க்க ஓர் ஆவணம் இருப்பதால் சொல்கிறேன்: விசாரணைக் குழுவின் அறிக்கை 2014 ஜூனில் வந்தது. விபத்தே பொறி, மது நிலைமையை மோசமாக்கியது, வேலை, தங்குமிட நிலைமை மீதான அதிருப்தி காரணமல்ல என்பது அதன் முடிவு. முதல் இரண்டு நாள் செய்திகளில் காரணம் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, யார் சொன்னது, அப்போது அவருக்கு அது தெரிந்திருக்க வழி உண்டா என்று குறியுங்கள். ஊழியர்கள் தங்கள் வாயால் பேசும் வரிகள் எத்தனை என்று தனியாக எண்ணுங்கள். அறிக்கையை விடைத்தாளாக வைத்துத் திருத்தாதீர்கள். அதுவும் அரசு நியமித்த குழுவின் ஆவணம், அதற்கும் "யார் சொன்னது" வரிசை உண்டு. பழைய இதழ்களுக்குத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் இருக்கிறது. சில ஆண்டுகளை நூலகக் கணினியில்தான் திறக்க முடியும், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழுக்காட்டுப் புலி:

மேலே இருவரும் எண்களைத் தொடவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். "சிங்கப்பூரில் 2.5 விழுக்காட்டினர்தான் தமிழ் பேசுகிறார்கள்" என்று எழுதினால் மூன்று பிழை. அந்த 2.5, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும். அதிலும் 5 வயதும் அதற்கு மேலும். அதிலும் வீட்டில் ஆக அதிகமாகப் பேசும் மொழி எது என்ற கேள்விக்கான பதில். தங்குவிடுதிகளில் இருக்கும் தமிழ் ஊழியர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. வீட்டில் ஆங்கிலமும் பாட்டியிடம் தமிழும் பேசுபவர் ஆங்கிலத்தில் விழுந்திருப்பார்.

பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1இல் 7லிருந்து 8 விழுக்காடு ஆனதும் அதே கதை. ஏறியது 1 விழுக்காட்டுப் புள்ளி. வரித் தொகை ஏறியது ஏறத்தாழ 14 விழுக்காடு. 100 வெள்ளிப் பொருளுக்குக் கடையில் கட்டுவது 107லிருந்து 108, அதாவது 1 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. மூன்றும் சரியான எண்கள்தாம். எந்த ஊடகம் எதைத் தலைப்பில் போட்டது என்று பாருங்கள் மலர், உங்கள் "பரபரப்பு"க்கு அங்கே சான்று கிடைக்கும்.

ஈசூன் மலர்:

ரொம்ப நன்றி. விரிதாளைத் தொடங்கிவிட்டேன். "யாருமில்லை" என்ற கட்டத்தில் இவ்வளவு வாக்கியம் விழும் என்று நினைக்கவில்லை. அடுத்த ஒப்படைப்பு நீதிமன்றச் செய்தியாம். முன்கூட்டியே ஏதாவது எச்சரிக்கை?

பேனாக்கத்தி:

கைதானவர், குற்றஞ்சாட்டப்பட்டவர், குற்றவாளி மூன்றும் மூன்று நிலை. தீர்ப்பு வரும்வரை மூன்றாவதைத் தொடக்கூடாது. "திருடிய ஆடவர்மீது குற்றச்சாட்டு" என்ற தலைப்பில் நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். "திருட்டு: ஆடவர்மீது குற்றச்சாட்டு" என்றால் சரி. "திருடிய" என்ற எச்சம் எப்படி மாட்டிவிடுகிறது பாருங்கள்.

நடந்துகொண்டிருக்கும் வழக்கில் முடிவைக் கணித்து எழுதுவது நீதிமன்ற அவமதிப்பாகலாம். 2016ஆம் ஆண்டின் நீதி நிர்வாகப் பாதுகாப்புச் சட்டத்தில் 100,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. இளையர் நீதிமன்ற வழக்கில் பிள்ளையின் பெயர், பள்ளி, முகவரி, படம் எதுவும் கூடாது. பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் காக்கப்படும். அவர் பெயரை மறைத்துவிட்டு, "அவரின் மாற்றாந்தந்தை" என்று குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பெயரோடு போட்டால் மறைத்ததில் பயனில்லை. ஆங்கில இதழ் உறவை விட்டுவிட்டுப் பெயரைப் போட்டு, தமிழ் இதழ் பெயரை விட்டுவிட்டு உறவைப் போட்டால், இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு ஆள் தெரிந்துவிடும். ஆகவே மற்ற ஊடகங்கள் எதை வெளியிட்டிருக்கின்றன என்று பார்த்த பிறகே உங்கள் பிரதியை அனுப்புங்கள்.

ஓரப்பத்தி:

குற்றச்சாட்டுத் தாளில் உள்ள சட்டப்பிரிவை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். "ஏமாற்றுதல்", "நம்பிக்கை மோசடி" இரண்டும் தண்டனைச் சட்டத்தில் வேறுவேறு குற்றம். தமிழில் இரண்டுக்கும் "மோசடி" என்று போட்டுவிட்டால் பிறகு வரும் தண்டனை பற்றிய வரி பொருந்தாது.