பீட்லாக் ரிங்: மாட்டியதோடு முடியாத வேலை

பீட்லாக், அதாவது டயர் விளிம்பை ரிம்மோடு போல்ட் போட்டு நெருக்கும் வளையம், போட்ட வண்டிகளோடு மணலிலும் பாறையிலும் ரொம்ப நாளாகச் சுற்றுகிறேன். பார்த்தவரையில் போல்ட் உடைந்து நின்ற வண்டிகள் குறைவு. மாட்டிய பிறகு போல்ட்டை யாருமே திரும்பிப் பார்க்காததால் நின்றவைதான் அதிகம். அதனால் இதை எழுதுகிறேன், உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

சாதாரண ரிம்மில் டயர் பீடிங்கை (ரிம்மில் உட்காரும் டயரின் தடித்த ஓரத்தை) விளிம்போடு அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். மணலுக்காக 10 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்கினால் அந்தப் பிடி போய்விடும். அந்த நேரம் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பினால் பீடிங் கழன்று, டயர் ஒரே மூச்சில் காலி. பீட்லாக்கில் வெளிப்பக்கப் பீடிங்கை ரிம்முக்கும் ஒரு வளையத்துக்கும் நடுவே கொடுத்துச் சுற்றிலும் போல்ட் போட்டு நெருக்குகிறோம். ஒரு சக்கரத்துக்கு 24, 32 என்று போல்ட் இருக்கும். அத்தனையும் ஒரே அளவு இறுகியிருந்தால்தான் பிரயோஜனம்.

மாட்டும்போது நான் அதிக நேரம் செலவழிப்பது டயரை நடுவில் உட்கார வைக்கத்தான். ரிம்மைப் படுக்க வைத்து, உள்பக்கப் பீடிங்கைச் சோப்புத் தண்ணீர் தடவி இறக்கியதும், மேல் பீடிங் அதற்கான படியில் வந்து உட்காரும். கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும். விரலை விட்டுச் சுற்றிலும் தடவினால் ஒரு பக்கம் ஏறியிருப்பது பிடிபடும். அதைச் சரி பண்ணாமல் ரிங்கை வைத்தால் சக்கரம் கடைசி வரை ஆடும்.

அப்புறம் எல்லா போல்ட்டையும் கையாலேயே முடுக்கி, எதிரெதிராக இறுக்க வேண்டும். ஒரே தடவையில் முழு இறுக்கம் கூடாது. 5 அடி-பவுண்டு (இறுக்கும் விசையின் அளவு), பிறகு 10 என்று படிப்படியாக ஏற்றுவேன். கடைசி அளவு பெரும்பாலும் 15 முதல் 20-க்குள் வரும், ஆனாலும் ரிங்கோடு வந்த தாளில் இருக்கும் அளவுதான் கணக்கு. ஆன்டி-சீஸ் (போல்ட் மரையில் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை) தடவினால் அதே அளவில் போல்ட் இன்னும் அதிகமாக இழுபடும் என்பதால், தடவலாமா வேண்டாமா என்பதையும் அந்தத் தாளிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு போல்ட் இறுகும்போது கீழே ரப்பர் அமுங்கி, பக்கத்துப் போல்ட் தளர்ந்துவிடும். அதனால் டார்க் ரெஞ்ச் (வைத்த அளவுக்கு இறுகியதும் சத்தம் கொடுக்கும் ஸ்பேனர்) எந்தப் போல்ட்டையும் நகர்த்தாமல் 'டக்' என்று சொல்லும்வரை வட்டமாகச் சுற்றி வர வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்.

இம்பாக்ட் கன்னில் ஒரே மூச்சாக முடுக்கிய ஒரு சக்கரத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் ரிங் ரிம்மை ஒட்டியிருந்தது, எதிர்ப்பக்கம் நகம் நுழையும் இடைவெளி. அலுமினிய ரிம் ஆகையால் நாலைந்து ஓட்டையில் மரையும் போயிருந்தது. ஹெலிகாயில் (மரை போன ஓட்டைக்குள் புது மரையாக வைக்கும் கம்பிச் சுருள்) வைத்துத்தான் மீட்க முடிந்தது.

எல்லாம் இறுகிய பிறகுதான் காற்று. உள்பக்கப் பீடிங் 'டப்' என்று உட்காரும்போது தள்ளி நில்லுங்கள். காற்று இருக்கும் டயரில் ரிங் போல்ட்டைக் கழற்றவே கூடாது. முதலில் வால்வு பின்னை எடுத்து முழுக்க இறக்க வேண்டும். இதில் விளையாட்டு வேண்டாம், ரிங் தெறித்தால் ஆளே போய்விடும்.

கொஞ்ச தூரம் ஓட்டியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் போட வேண்டும். ரப்பர் படிந்திருக்கும், சில போல்ட் நிச்சயம் நகரும். அதன்பின் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் ரிங் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுவேன். கோடு உடைந்திருந்தால் எது சுற்றியது என்று குனிந்து பார்த்தாலே தெரியும்.

*

நல்லா எழுதியிருக்கீங்க அண்ணே. ஒன்று சேர்க்கிறேன். பீட்லாக் போட்டால் டயர் கழலவே கழலாது என்று நம்பிப் பலர் காற்றை அடிமட்டத்துக்கு இறக்குகிறார்கள். பெரும்பாலான ரிங் பிடிப்பது வெளிப்பக்கத்தை மட்டும்தான், உள்பக்கம் இன்னும் காற்றை நம்பித்தான் நிற்கிறது. எங்கள் கூட்டத்தில் ஒரு வண்டி சரிவில் பக்கவாட்டாகச் சறுக்கியபோது உள்பீடிங் பிதுங்கிவிட்டது. வெளியே ரிங் கம்பீரமாக நிற்கிறது, உள்ளே சேறு நிரம்பிக் கிடக்கிறது! சக்கரத்தைக் கழற்றிக் கழுவாமல் காற்றே நிற்கவில்லை.

இன்னொன்று, எடை. ரிங்கும் போல்ட்டும் சேர்ந்து சக்கரம் நன்றாகவே கனக்கும். பாலன்ஸ் சரியில்லை என்றால் வேகம் ஏறியதும் ஸ்டீயரிங் உதறும். விளிம்பில் அடிக்கும் ஈயக்கட்டி முதல் பாறையிலேயே பறந்துவிடும், ரிம்மின் உள்பக்கம் ஒட்டுவதுதான் தங்கும்.

*

பழைய இரும்பு ரிம்மில் ரிங் வெல்டிங் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வைக்கலாம், ஆனால் நல்ல கை வேண்டும். ஒரே ஓட்டமாகச் சுற்றி வெல்ட் அடித்தால் சூட்டில் ரிங் கோணிவிடும். எதிரெதிராகத் துண்டு துண்டாக, ஆறவிட்டு அடிக்க வேண்டும். முடிந்ததும் காற்று நிரப்பிச் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். வெல்டில் ஊசித்துளை இருந்தால் குமிழி வரிசையாகக் கிளம்பும். நான் பார்த்த ஒரு ரிம்மில் ஒரு ராத்திரிக்குள் டயர் இறங்கியதற்குக் காரணம் அப்படி ஒரு துளைதான், போல்ட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

டயர் மாற்றும்போதும் கவனம். புது டயரின் பீடிங் தடிமன் வேறாக இருந்தால் ரிங் முன்போல உட்காராது. தடித்த பீடிங்கில் ரிங் வெளிவிளிம்பில் வளையும், மெல்லியதில் பிடியே விழாது. இடையில் போட ஷிம் வளையம் (இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய வளையம்) கிடைக்கிறது. வளைந்த ரிங்கைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி மறுபடி போடுபவர்களும் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. தேய்வதற்கென்றே இருக்கும் பாகம் அது, மாற்றிவிடுங்கள்.

*

சேற்றிலோ உப்புத் தண்ணீரிலோ ஓட்டிவிட்டு வந்தால் போல்ட் தலையைக் கழுவி விடுங்கள் நண்பர்களே. அலுமினியத்தில் இரும்பு போல்ட் ஈரத்தோடு கிடந்தால் பிடித்துக்கொள்ளும், அப்புறம் கழற்றும்போது தலை மட்டும் கையோடு வரும். அதே கிரேடு போல்ட் நாலைந்து டூல் பாக்ஸில் இருக்கட்டும்.

இரண்டு பக்கமும் பிடிக்கும் டபுள் பீட்லாக் யாராவது ஓட்டுகிறீர்களா? உள்பக்க ரிங் பிரேக் காலிப்பரில் இடிக்கிறதா என்று தெரிந்தால் நல்லது.