புதுப்பிப்பு: பத்திரிகை உறைகளில் செய்த 43 உறைக் கட்டு

செய்ய வேண்டிய வேலைகளைச் சீட்டில் எழுதி அந்தந்த நாளுக்கு என்று போட்டுவைக்க, பழைய கல்யாணப் பத்திரிகை உறைகளைச் சேர்த்து, தேதிக்கு 31, மாதத்துக்கு 12 என்று ஒரு கட்டு செய்து செருப்புப் பெட்டியில் நிறுத்தியதை முன்பு எழுதியிருந்தேன். நிஜமாகவே பயன்படுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். பயன்படுகிறது. காலையில் அன்றைய உறையில் உள்ள சீட்டுகளை எடுத்துக்கொண்டு, காலி உறையைப் பின்னால் தள்ளினால் போதும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதானே. கட்டிய கையோடு அந்தச் சீட்டை அடுத்த பில் வரும் மாதத்தின் உறையில் போட்டுவிடுகிறேன். மாதம் பிறந்ததும் அந்த உறையைக் கொட்டித் தேதிவாரியாகப் பிரிப்பதுதான் கொஞ்சம் அலுப்பு.

ஒரு மாற்றம். உறை முகப்பில் பிள்ளையாரும் ஜிகினாவும் இருப்பதால் எழுதிய தேதி தெரியவில்லை. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பெரிய எண்ணை வெட்டி ஒட்டிவிட்டேன். செலவு பசை மட்டும். ஞாயிற்றுக்கிழமையின் சிவப்பு எண்ணை மட்டும் எடுக்காதீர்கள், அடுத்த மாதம் குழப்பும்.