கூத்து ஜமாவுக்கு (ஆட்டக்குழுவுக்கு) வரிவிலக்கு கேட்டுப் போன கதை

நகரி தறிக்காரன்:

பகலில் விசைத்தறி, ராத்திரியில் கணக்கு நோட்டு. எங்கள் ஊர்க் கூத்துப் பயிற்சி அறக்கட்டளைக்கு நான்தான் பொருளாளர். கூத்து வாத்தியார் கேட்டதால் தலையாட்டிவிட்டேன். வருமானவரி விலக்கு வாங்கப் போய் நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்.

முதலில் 10ஏ படிவம் போட்டோம். விலக்குக்கு வேண்டிய 12ஏபி பிரிவின் தற்காலிகப் பதிவு சிரமமே இல்லாமல் வந்துவிட்டது, மூன்று வருஷத்துக்கு. அதுதான் முழுப் பதிவு என்று நம்பி, அன்றைக்கே எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டோம். வேலை தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதற்குள் 10ஏபி படிவம் போட்டு முழுப் பதிவாக்க வேண்டும் என்பது லட்டு செரித்த பிறகுதான் தெரிந்தது.

10ஏபி போட்டதும் கேள்விகள் வந்தன. சிக்கல் எங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தில். பதிவு ஆந்திராவில் இருக்கும் நகரியில் என்பதால் பத்திரம் தெலுங்கில். எழுதியவர் வாத்தியார் சொன்னதை அப்படியே இறக்கியிருந்தார்: ‘தர்மராஜா கோயில் உற்சவம் நடத்துவதும், நம் குலத்துப் பிள்ளைகளுக்குக் கூத்து சொல்லித் தருவதும்.’ கையெழுத்துப் போடும்போது எங்களுக்கு இதில் தப்பே தெரியவில்லை. பாரதக் கூத்து எங்கே நடக்கும்? கோயிலில்தானே. பகலில் ஹரிகதை, ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம் (துரியோதனன் வீழும் ஆட்டம்), தீமிதி. கோயிலையும் கூத்தையும் பிரித்து யோசித்தவர்கள் எங்கள் பக்கம் கிடையாது.

சட்டம் பிரித்துத்தான் பார்க்கிறது. ‘நம் குலத்து’ என்ற சொல் இருந்தால் அது ஒரு குறிப்பிட்ட சாதிக்கான அமைப்பு, விலக்கு போய்விடும். உற்சவச் செலவு மதச் செலவு. வருஷ வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போனால் நன்கொடையாளருக்கான 80ஜி வரிக் கழிவு கிடைக்காது. எங்கள் பழைய கணக்கில் பந்தலும் தீமிதி விறகும் பயிற்சிச் செலவோடு ஒரே பக்கத்தில் கிடந்தன. ஆடிட்டர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மனுஷர் எப்போது கண்ணாடி துடைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

திருத்தம் செய்ய அறங்காவலர்களுக்கு அதிகாரம் உண்டு என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தது, பிழைத்தோம். அது இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும். ‘சாதி, மத பேதமின்றி விரும்பும் யாருக்கும்’ என்று திருத்தப் பத்திரம் பதிந்தோம். உற்சவத்தைக் கோயில் கமிட்டியிடமே விட்டு, இங்கே பயிற்சி, உடை, வாத்தியம் மட்டும் வைத்துக்கொண்டோம். எல்லாமாக எட்டு மாதம்.

பள்ளிப்பட்டு கணக்குப்பிள்ளை:

தம்பி, உங்கள் ஆடிட்டர் அடுத்து ஒன்றைச் சொல்லியிருப்பாரே, 20 சதவீதம்?

சட்டத்தில் ‘தர்ம காரியம்’ என்றால் ஏழைகளுக்கு உதவி, கல்வி, யோகா, மருத்துவம், சுற்றுச்சூழல், கலை அல்லது வரலாற்று மதிப்புள்ள சின்னங்களையும் இடங்களையும் பொருள்களையும் பாதுகாப்பது, கடைசியாகப் ‘பொதுமக்களுக்குப் பயன்படும் வேறு எந்த நோக்கமும்’. கலை வளர்ப்பு என்று தனியே ஒரு சொல் கிடையாது. ஆக, வாத்தியாரின் பழைய கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் பெட்டியில் இருந்தால் பாதுகாக்க வேண்டிய கலைப்பொருள். அதையே துரியோதனன் தலையில் ஏற்றி ஆடினால் கடைசி வகைக்குப் போய்விடும். இந்த வேடிக்கையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியாயிற்று, ஒருவரும் சிரித்ததில்லை.

கடைசி வகைக்கு மட்டும் ஒரு கடிவாளம். கட்டணம் வாங்கி வியாபாரம் போலச் செய்வதில் வரும் பணம், அந்த வருஷ மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அந்த வருஷத்துக்கு விலக்கு இல்லை. நான் கணக்குப் பார்க்கும் ஜமா ஒன்று பங்குனி முதல் ஆடி வரை ஊர் ஊராக ஆடும். நன்கொடை சொற்பம், ஆட்டத்துக்கு வாங்கும் தொகைதான் பெரும்பங்கு. அவர்கள் எப்படி 20க்குள் நிற்பார்கள்? செலவை ஒட்டியோ கொஞ்சம் கூடுதலாகவோ வாங்கினால் அது வியாபாரம் ஆகாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வேன் வாடகை, சாப்பாடு, ஆட்டக்காரர் சம்பளம், அரிதாரம் என்று தனிச் சீட்டுப் போட வைத்தேன். வாத்தியார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இன்னொன்று. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது தர்மச் செலவாகக் கணக்கில் வராது. வருமானத்தில் 85 சதவீதம் செலவானதாகக் காட்ட வேண்டிய இடத்தில் இது உதைக்கும். ஜமா முழுவதுக்கும் உரிய பணத்தை வாத்தியார் கையில் கொடுக்கும் வழக்கத்தை விட்டு, ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் போடுங்கள்.

புத்தூர் மருமகள்:

எங்கள் மாமனார் ஒரு சபைக்குப் புது ஹார்மோனியம் வாங்கிக் கொடுத்துவிட்டு 80ஜி ரசீது கேட்டார். பொருளாகக் கொடுத்தால் கழிவு கிடையாது, பணமாக இருக்க வேண்டும், அதுவும் ரொக்கம் என்றால் 2,000 ரூபாய்க்குள் என்றார்கள். பெரியவருக்கு வந்த கோபம்! அடுத்த வருஷம் பணத்தைக் காசோலையாகக் கொடுத்தார். அப்புறம் பார்த்தால் என் கணவர் அவருக்குப் புதிய வரி முறையில் கணக்குத் தாக்கல் செய்திருக்கிறார். அதில் 80ஜி கழிவே இல்லை. இன்னும் மாமனாரிடம் சொல்லவில்லை.

சத்தியவேடு டீக்கடை:

எல்லாம் சரி. கூத்து நடுவில் சனங்கள் ஆட்டக்காரர் உடையில் ரூபாய் நோட்டைக் குத்துகிறார்களே, கோமாளி வேஷக் கட்டியக்காரன் பேரும் ஊரும் சொல்லி வாழ்த்துவானே, அது எந்தக் கணக்கு?

பள்ளிப்பட்டு கணக்குப்பிள்ளை:

சரியான கேள்வி அண்ணே. ஆட்டக்காரர் தனக்கென்று வாங்கிக்கொண்டால் அது அவர் வருமானம். அறக்கட்டளைப் பெட்டிக்கு வந்தால் நன்கொடை. கொடுத்தவர் பெயரும் முகவரியும் பதிவேட்டில் இல்லாவிட்டால் ‘பெயர் தெரியாத நன்கொடை’. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது ஒரு லட்சம், இரண்டில் எது அதிகமோ அதுவரை பயமில்லை. மேலே போவதற்கு 30 சதவீத வரி. சின்ன ஜமாவுக்கு ஒரு லட்சம் தாண்டாது, ஆனாலும் எழுதி வையுங்கள். நான் சொல்வதெல்லாம் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் முதல் என்பதால் பிரிவு எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நகரி தறிக்காரன்:

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதைப் போன தடவை, அர்ச்சுனன் தவம் செய்யப் பனைமரம் ஏறும் ‘அர்ச்சுனன் தபசு’ கூத்து அன்றே செய்து பார்த்தோம். பத்தாவது படிக்கும் பையன் ஒருவனை மிருதங்கக்காரர் பக்கத்தில் நோட்டோடு உட்கார வைத்தேன். கட்டியக்காரன் பெயர் சொல்லச் சொல்ல இவன் எழுத வேண்டும். பாதி ஆட்டத்தில் கட்டியக்காரனே ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ‘ஐம்பது ரூவா கொடுத்த மகராசா, வீட்டு நம்பரையும் சொல்லிட்டுப் போ சாமி, ஆடிட்டரு என்னை அடிப்பாரு’ என்று ஒரு போடு போட்டான். பனைமரத்தில் பாதி ஏறியிருந்த அர்ச்சுனனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. விடிந்து பார்த்தால் நோட்டில் 63 பெயர், அதில் 40க்கு முகவரி இருந்தது. மீதிக்கெல்லாம் பையன் ‘நம்ம ஊரு’ என்று எழுதியிருந்தான்.