மறு: 'டயர் சுழற்சி', 'சக்கரச் சீரமைப்பு' – இரண்டும் வேண்டாமே

அன்பர்களுக்கு வணக்கம்.

> டயர் ரொட்டேஷன் – டயர் சுழற்சி
> வீல் அலைன்மென்ட் – சக்கரச் சீரமைப்பு
> வீல் பேலன்சிங் – சக்கரச் சமநிலைப்படுத்தல்

நம் குழு தமிழில் தொகுக்கும் கார் பராமரிப்புச் சொற்பட்டியலில் இந்த மூன்று வரியையும் அப்படியே விட எனக்கு மனமில்லை. மூன்றும் டயர் கடையில் ஒரே மூச்சில் நடக்கும் வேலைகள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருதரம் காரைக் கொண்டுபோய் விடுகிறோம், மூன்று வரியோடு பில் வருகிறது, எது என்ன என்று கேட்காமலே பணம் கட்டிவிட்டுக் கிளம்புகிறோம். அந்த பில்லைப் பட்டியலில் உள்ள தமிழில் அச்சடித்துக் கொடுத்தாலும் இதே கதைதான் நடக்கும். சீரமைத்தார்களாம், சமநிலைப்படுத்தினார்களாம், சுழற்றினார்களாம். சக்கரத்துக்கு என்ன செய்தார்கள்?

சுழற்சிதான் அதிகம் உறுத்துகிறது. பயிர்ச்சுழற்சி இல்லையா, சுழற்சி முறையில் பணி இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கட்டும். வயல் சுற்றாது, குமாஸ்தாவும் சுற்றமாட்டார், அதனால் அங்கே குழப்பம் இல்லை. டயருக்குச் சுற்றுவதே பிழைப்பு. 'டயர் சுழற்சி சரியில்லை' என்றால் பேரிங் போய்விட்டது என்று நினைப்பார்களே தவிர, வேறெதுவும் தோன்றாது.

நடப்பது இதுதான். சிட்டி, வெர்னா, சியாஸ் என்று நம் வீடுகளில் நிற்கும் நடுத்தரக் கார்கள் முன்சக்கரத்தால் இழுபடுபவை. எஞ்சின் பாரம், இழுவை, திருப்பம், பிரேக்கில் பெரும்பங்கு எல்லாம் முன்டயர் இரண்டின் தலையில்தான். பின்டயர்கள் சும்மா கூட வருகின்றன. அப்படியே ஓட்டினால் முன்னது மொட்டையாகும்போது பின்னதில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) பாதிக்குமேல் மிச்சமிருக்கும். ஆகவே முன்டயர்களை அதே பக்கத்தில் பின்னுக்கு அனுப்பி, பின்டயர்களைக் குறுக்காக முன்னுக்குக் கொண்டுவருகிறார்கள். சுற்றும் திசையை அம்புக்குறியிட்டுக் காட்டும் டயரானால் குறுக்கு மாற்றம் கிடையாது, அதே பக்கத்தில் முன்பின் மட்டும்தான்.

'டயர் மாற்று' என்றால் புது டயர் வாங்குவது. 'இடமாற்றம்' என்றால் அரசு ஊழியர் நினைவுதான் வருகிறது. 'டயர் பெயர்ச்சி' என்று ஒருவர் கேலியாக எழுதினார், அதை ஏற்றால் பரிகாரமும் நாமே சொல்லவேண்டி வரும். காருக்கு நாலு மூலை, டயர் மூலை மாறுகிறது, எனவே 'மூலைமாற்று' என்பது என் பரிந்துரை. 'அண்ணே, மூலை மாத்திடுங்க' என்று கடையில் சொன்னால் புரிந்துகொள்வார்கள். 'சுழற்சி பண்ணிடுங்க' என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது பேலன்சிங். சமநிலை தப்பில்லை, ஆனால் சொல் நீளம், செயலும் தெரியவில்லை. சக்கரத்தை இயந்திரத்தில் மாட்டிச் சுழற்றினால் எந்த இடத்தில் எத்தனை கிராம் குறைகிறது என்று திரையில் காட்டும். பையன் ரிம் விளிம்பில் அந்த இடத்தில் 5 கிராம் கணக்கில் சின்னக் கட்டியைக் கவ்வவிட்டுத் தட்டுகிறான். இதற்கு இவ்வளவு அலட்டலா என்றால், 185/65 R15 அளவு டயர் 100 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 14 சுற்று சுற்றுகிறது. ரிம் விளிம்பில் 20 கிராம் குறைந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் சுமார் 3 கிலோ கட்டித் தொங்கவிட்ட அளவுக்கு இழுப்பு மேலும் கீழும் வந்துபோகும். ஸ்டியரிங் உதறுவது அதனால்தான். ஊருக்குள் 40-இல் போகும்போது தெரியாது, நாற்கரச் சாலையில் 80-ஐத் தாண்டினால் கையில் தெரியும்.

எண்ணெய்க் கடையில் பாத்திரத்துக்கு ஈடாகத் தட்டில் கல் வைப்பார்களே, அதே காரியம். 'எடையீடு' என்று வைக்கலாம். எடையை இடுவது, எடைக்கு ஈடு செய்வது, இரண்டும் வந்துவிடுகின்றன. 'ஈயவைப்பு' என்ற யோசனை வேண்டாம். ஐரோப்பாவில் 2005 முதல் கார் சக்கரங்களில் ஈயக்கட்டிக்குத் தடை, துத்தநாகமும் இரும்பும் வந்துவிட்டன. உலோகத்தின் பேரில் சொல் கட்டினால் நாளைக்கு அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கடைசியாக அலைன்மென்ட். 'சீரமைப்பு' என்ற சொல் குளம், சாலை, பழைய கட்டடம் என்று பாழானதைப் புதுப்பிப்பதற்கு ஊன்றிவிட்டது. 'சக்கரச் சீரமைப்பு' என்றால் நெளிந்த ரிம்மை நிமிர்த்துவது என்றுதான் படும். இங்கே சக்கரத்தில் ஒன்றும் செய்வதில்லை, அது நிற்கும் கோணத்தைத்தான் அளக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் தெரியும் உள்-வெளித் திரும்பல் டோ, எதிரிலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரச் சாய்வு கேம்பர், பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் திருப்பச்சின் சாய்வு காஸ்டர். திரையில் மூன்றும் சிவப்பும் பச்சையுமாக வரும். ஆனால் இந்த வகைக் கார்களில் கடைக்காரர் கைவைப்பது பெரும்பாலும் முன்சக்கர டோவில் மட்டும்தான். குழிக்குள் இறங்கி, டை ராடின் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) லாக் நட்டைத் தளர்த்தி, ராடைக் கொஞ்சம் திருகி, மறுபடி இறுக்குகிறார்.

அந்தக் கொஞ்சத்தின் கணக்கைப் பாருங்கள். 15 அங்குல ரிம்மின் முன்விளிம்பும் பின்விளிம்பும் 1.5 மி.மீ. தப்பி நின்றால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 மீட்டர் அந்த டயர் தார்ச்சாலையில் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. டயர்மேல் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டிப் பார்க்கலாம். போகும்போது வழுவழுவென்று இருக்கும், திரும்பும்போது ரம்பப் பல்லாகக் குத்தும். 'வண்டி கோணலா நிக்குது' என்ற பேச்சு ஏற்கனவே உண்டு. பட்டறையில் 'பெண்டு எடுக்கிறது' அன்றாட வழக்கு. அந்த வாய்ப்பாட்டிலேயே 'கோணலெடுப்பு' என்று வைக்கலாம் என்பது என் கருத்து. அடித்து விவாதியுங்கள்.

மதுரையிலிருந்து,
ஓய்வுபெற்ற அச்சகத்தான்

*

ஐயா, வணக்கம்.

மூலைமாற்று அருமை. என் ஓட்டு அதற்கே. கோணலெடுப்பில் எனக்கு உடன்பாடில்லை. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் எடுத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

> வண்டி கோணலா நிக்குது

கோணல் என்றாலே குறை. 'ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்' என்கிறோம். ஆனால் சக்கரத்தின் கோணங்களில் பல வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. காஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரம் திரும்பும் அச்சு, மேல்முனை பின்னுக்குத் தள்ளிச் சாய்ந்திருக்கும். திருப்பம் முடிந்து கையைத் தளர்த்தியதும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருகிறதே, அதில் பெரும்பங்கு அந்தச் சாய்வுக்கு. அதைக் 'கோணல்' என்று எடுத்துவிட்டால் வண்டி ஓடாது! டோவும் அப்படித்தான், எல்லாக் காரிலும் பூஜ்யத்தில் வைப்பதில்லை. தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கொண்டுவருவதுதான் வேலை.

இன்னொன்று, பெண்டு எடுப்பது ரிம்முக்கு. கோணலெடுப்பு என்று கேட்டால் பையன் சுத்தியலைத் தேடிக்கொண்டு போவான். 'கோணத்திருத்தம்' என்றே வைத்துவிடலாமே?

கோவையிலிருந்து

*

அன்பின் ஐயா, அம்மா,

யாழ்ப்பாணத்திலயிருந்து ரெண்டு வரி. நீங்கள் 'சக்கரம்' எண்டு எத்தினை தரம் எழுதினாலும் எங்கட ஆக்கள் 'சில்லு' எண்டுதான் சொல்லுவினம். பட்டியலில ரெண்டையும் போட்டால் நல்லம்.

எடையீடு எழுத்தில வடிவாத்தான் இருக்கு. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ, 'இடையீடு' எண்டு காதில விழுது. உங்கட பக்கம் இடத்தையே 'எடம்' எண்டுதானே சொல்லுறியள், அங்க இன்னும் மோசமாயிருக்கும். எங்களுக்கு எடை எண்டுறது நிறை. 'நிறையீடு' எண்டு வைச்சால் என்ன?

*

அன்பர்களே,

யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னது வேறொரு வகையிலும் பொருந்துகிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'எடை' புவியீர்ப்பு இழுக்கும் விசை, 'நிறை' பொருளின் அளவு. இலங்கையில் விசைக்கு 'நிறை', பொருளின் அளவுக்குத் 'திணிவு'. சக்கரத்தில் ஓரிடத்தில் கூடுவதும் குறைவதும் பொருளின் அளவுதான், ஆகவே நம் பாடநூல் வழக்கின்படியே 'நிறையீடு' இன்னும் துல்லியம். அங்குள்ள இயற்பியல் ஆசிரியர் யாராவது 'திணிவீடு' என்று கொடிபிடித்தால் நண்பரே சமாளித்துக்கொள்ளட்டும். 'நிறை' என்றால் நிறைதல் என்றும் வருமே என்பவர்களுக்கு, 'நிறைகுடம்' என்று யாரும் தராசைத் தேடுவதில்லை.

கோவை அம்மா சொல்லும் கோணத்திருத்தத்தை ஏற்கிறேன், ஒரு பிரிவோடு. அளந்து பார்ப்பது வேறு, திருகி மாற்றுவது வேறு. கடையில் இரண்டுக்கும் ஒரே பேர் இருப்பதால், பார்த்ததோடு நின்றுவிட்டார்களா, ராடைத் தொட்டார்களா என்று வண்டிக்காரருக்குத் தெரிவதில்லை. அச்சடித்துத் தரும் தாளில் திருத்துமுன் அளவு, திருத்தியபின் அளவு என்று இரண்டு பத்தி இருக்கும், அதைக் கேட்டு வாங்குவோர் குறைவு. ஆகவே அளப்பதற்குக் 'கோணம் பார்த்தல்', மாற்றுவதற்குக் 'கோணத்திருத்தம்' என்று இரண்டு பதிவாகப் போடுவோம். 'கோணலை' நான் முழுதாகக் கைவிடவில்லை. அளவு தப்பி நிற்கும் நிலைக்கு, அதாவது மிஸ்அலைன்மென்டுக்கு, அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

சில்லு கட்டாயம் சேர வேண்டும். சக்கரம் என்ற சொல் வரும் எல்லாப் பதிவிலும் சாய்கோடு போட்டு எழுதலாம்.

தொகுப்பாளர் மூலைமாற்று, நிறையீடு, கோணம் பார்த்தல், கோணத்திருத்தம், கோணல் ஐந்தையும் ஏற்றிவிடலாம், மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதட்டும். டோ, கேம்பர், காஸ்டருக்கு அம்மா தனி இழை தொடங்கினால் நல்லது. டோ-இன், டோ-அவுட்டுக்கு 'முன்குவிவு', 'முன்விரிவு' என்றும், கேம்பருக்கு 'உட்சாய்வு', 'வெளிச்சாய்வு' என்றும் குறித்து வைத்திருக்கிறேன். காஸ்டருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

மதுரையிலிருந்து