தைராய்டே இல்லாதவருக்கு ஹைப்பர்தைராய்டா?

கேள்வி:
அம்மாவுக்கு 58 வயது, எடை 54 கிலோ. பாப்பிலரி என்ற வகைத் தைராய்டு கேன்சருக்காகத் தைராய்டை முழுசாக எடுத்து, கதிரியக்க அயோடின் சிகிச்சையும் முடிந்து மூன்று வருடம் ஆகிறது. தினமும் தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) 125 மைக்ரோகிராம். இப்போது டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் கூடினால் இது குறையும்) 0.03. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமில்லை. கார்பிமசோல் கொடுக்கலாமா?

பதில் 1:
கொடுக்கவே கூடாது. கார்பிமசோல், சுரப்பி ஹார்மோன் தயாரிப்பதைத் தடுக்கும் மருந்து. சுரப்பியே இல்லாத இடத்தில் அது எதைத் தடுக்கும்? கூடியிருப்பது மாத்திரை வழியாகப் போன ஹார்மோன். சுரப்பி இல்லாதவருக்குச் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் போதும். அம்மாவுக்குப் போவது 2.3. இது தவறுதலாகவும் இருக்காது. மிச்சம் மீதி கேன்சர் செல்லை டிஎஸ்ஹெச் தூண்டிவிடும் என்பதால் வேண்டுமென்றே அடக்கி வைப்பார்கள்.

எவ்வளவு அடக்க வேண்டும் என்பதுதான் விஷயம். ஆரம்பத்தில் கேன்சர் திரும்பும் ஆபத்து குறைவு என்று சொல்லி, இப்போது தைரோகுளோபுலினும் (தைராய்டு செல்கள் மிச்சம் இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) கழுத்து ஸ்கேனும் சுத்தமாக இருந்தால் டிஎஸ்ஹெச் 0.5 முதல் 2 வரை இருக்கலாம். அதிக ஆபத்து வகை என்றால், சுத்தமாக இருந்தாலும் ஐந்து வருடம் வரை 0.1 முதல் 0.5. எப்படிப் பார்த்தாலும் 0.03 ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள். இவ்வளவு அடக்கியே வைத்தால் மாதவிடாய் நின்றவருக்கு எலும்பு கரையலாம், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். ஈசிஜி, எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் இரண்டும் கேட்டு எடுங்கள்.

பதில் 2:
அதற்கு முன் இரண்டு விஷயம். முடி கொட்டுவதற்குப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறாரா? சில லேப் கருவிகளில் அது டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் டி4-ஐ (ரத்தத்தில் உள்ள தைராக்ஸின் அளவு) கூட்டியும் காட்டும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். அன்றைய தைராக்ஸினை ரத்தம் எடுத்த பிறகு போடட்டும். அடுத்தது, கால்சியம் மாத்திரையை அண்மையில் நிறுத்தினீர்களா?

கேள்வி கேட்டவர்:
பயோட்டின் இல்லை. கால்சியத்தை இரண்டு மாதம் முன்பு நிறுத்தினோம். அதுவரை காலையில் தைராக்ஸினோடு சேர்த்தேதான் போட்டார்.

பதில் 2:
அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கால்சியம் குடலில் தைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் இரண்டுக்கும் 4 மணி நேர இடைவெளி சொல்வது. இப்போது அதே 125 கூடுதலாக உள்ளே போகிறது. இதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பதில் 3:
டாக்டர் குறைக்கச் சொன்னால் பெரும்பாலும் 112 மைக்ரோகிராம் டப்பாவுக்கு மாற்றுவார்கள், அல்லது வாரத்தில் ஒரு நாள் விடச் சொல்வார்கள். ஒரு நாள் விட்டால் வாரத்துக்கு 875 மைக்ரோகிராம் என்பது 750 ஆகும். நீங்களாகப் பாதியாக்காதீர்கள். தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகவே ஏழு நாள் பிடிக்கும், ஆகவே 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபடி டிஎஸ்ஹெச். அதுவரை படபடப்புக்கு ப்ரோப்ரனோலால் எழுதக்கூடும். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.