நெதர்லாந்து கோடைப் பள்ளியில் இடம் கிடைத்தது; வங்கிக் கணக்கில் திடீரென வந்த பணம் விசாவுக்கு இடிக்குமா?

முத்துநகர் மாணவி:
வணக்கம். தூத்துக்குடியில் பி.ஏ. வரலாறு இரண்டாமாண்டு படிக்கிறேன். நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் ஜூலையில் நடத்தும் இரண்டு வாரக் கோடைப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. பழைய டச்சுக் கையெழுத்தைப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு. 1658ல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் எங்கள் ஊரைப் பிடித்தார்கள். முத்துக்குளிப்பு, பரதவர், துணி வியாபாரம் என்று அவர்கள் எழுதிக் குவித்ததை நானே படித்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

படிப்புக் கட்டணம் முழுவதும் விலக்கு. தங்குமிடம், விமானம், சாப்பாடு எங்கள் செலவு. அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை, கூலி கையில்தான் வரும். வருமான வரித் தாக்கல் எதுவும் கிடையாது. சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா போன வாரம் அப்பா கணக்கில் ரூ.2,50,000 போட்டார். அதுவரை அந்தக் கணக்கில் சில ஆயிரத்துக்கு மேல் இருந்ததில்லை. இப்படி மொத்தமாக வந்த பணத்தைப் பார்த்தாலே நிராகரித்துவிடுவார்கள் என்று சீனியர் அக்கா ஒருவர் பயமுறுத்துகிறார். என் கணக்குக்கு மாற்றிவிடலாமா? ஜூலையில் கல்லூரி திறந்துவிடும், வருகைப்பதிவு வேறு கவலை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெரினா காற்று:
தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். பணத்தை இருக்கிற இடத்திலேயே விடுங்கள். இன்னொரு கணக்குக்கு மாற்றினால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி இரண்டாகிவிடும். மொத்தமாகப் பணம் வந்தது குற்றமில்லை. யார் அனுப்பினார், ஏன் அனுப்பினார் என்று காகிதம் இல்லாமல் இருப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

சித்தப்பாவிடம் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வாங்குங்கள். அண்ணன் மகளின் படிப்புக்காகக் கொடுத்தேன், திருப்பித் தர வேண்டியதில்லை என்று நாலு வரி போதும். கூடவே அவருடைய சம்பளச் சீட்டு, சிங்கப்பூர் வேலை அனுமதி அட்டையின் நகல், பணம் கிளம்பிய அவருடைய வங்கி அறிக்கை. அப்பாவும் அவரும் உடன்பிறந்தவர்கள் என்பதற்கு இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டிலோ பிறப்புச் சான்றிதழிலோ பெற்றோர் பெயர் ஒன்றாக இருந்தால் காட்டுங்கள். அப்பாவின் வேலையை மறைக்க வேண்டாம். உப்பள முதலாளியிடம் கடிதமும், தாசில்தார் அலுவலக வருமானச் சான்றிதழும் வையுங்கள். இதையெல்லாம் கோத்து நீங்களே ஒரு பக்க விளக்கக் கடிதம் எழுதி மேலே வைத்துவிடுங்கள்.

எவ்வளவு காட்ட வேண்டும் என்றால், நெதர்லாந்து கேட்பது தலைக்கு நாளொன்றுக்கு 55 யூரோ. 16 நாள் என்றால் 880 யூரோ. தங்குமிடத்துக்கு முன்பே கட்டிவிட்டால் அந்த ரசீதும், கட்டண விலக்கு என்று எழுதியிருக்கும் அனுமதிக் கடிதமும் உங்களுக்குப் பெரிய பலம்.

துறை வாசல்:
வருகைப்பதிவுக்கு நான் சொல்கிறேன், கல்லூரியில் பாடம் எடுப்பவள். துறைத்தலைவரை இப்போதே பாருங்கள் மா. ஜூன் கடைசியில் போய் நிற்காதீர்கள். அனுமதிக் கடிதத்தைக் காட்டி, அந்த நாட்களுக்கு ஆன் டியூட்டி கேளுங்கள். முதல்வர் கையெழுத்தோடு தடையில்லாச் சான்று வேண்டும். அதில் போகும் தேதி, திரும்பும் தேதி, மூன்றாமாண்டு படிப்பைத் தொடர்வார் என்ற வரி மூன்றும் இருக்கட்டும். விசா அதிகாரி தேடுவதே நீங்கள் திரும்பி வருவதற்கான ஆதாரத்தைத்தான். ஆக ஒரே கடிதம் இரண்டு இடத்திலும் உதவும்.

அங்கே தரும் ஐரோப்பிய கிரெடிட்டை இங்கே மதிப்பெண் பட்டியலில் ஏற்றுவார்களா என்பதையும் அதே நாளில் எழுத்தில் கேளுங்கள். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஏற்காவிட்டாலும் போங்கள், ஆனால் தெரிந்துகொண்டு போங்கள்.

எழும்பூர்வாசி:
ஒரு மாற்றுக் கருத்து. நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்கள் ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. க்ளோபலைஸ் திட்டத்தில் சுமார் 50 லட்சம் பக்கங்களைக் கணினியே படித்து எழுத்தாக்கித் தேட வைத்திருக்கிறார்கள். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் தமிழ்நாடு ஆவணக்காப்பகத்திலும் டச்சுப் பதிவேடுகள் உண்டு. இரண்டரை லட்சம் சின்னப் பணமில்லை. வீட்டில் உட்கார்ந்தே ஆரம்பிக்கலாமே?

பழைய ஏடு:
அவர் சொன்ன வசதிகள் எல்லாம் உண்மை. ஆனால் ஸ்கேன் கையில் இருப்பதும் அதைப் படிக்கத் தெரிவதும் வேறு வேறு. 17ஆம் நூற்றாண்டு டச்சுக் கையெழுத்தில் 'இ' (e) எழுத்து பல இடங்களில் தலைகீழாகத் திரும்பி நிற்கும். 'என்' (n), 'யு' (u) இரண்டும் ஒரே மாதிரி இரண்டு கோடு. கம்பெனி என்ற சொல்லை 'கொம்ப்' என்று வெட்டி ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். ஊர்ப் பெயரோ ஒரே கடிதத்தில் இரண்டு விதமாக வரும். தமிழ்ப் பெயர்களில்தான் கணினி அதிகம் தடுமாறும். நம் ஊர்க்காரர் பெயர் எது என்று கண்டுபிடிக்கத் தமிழ் தெரிந்த கண் வேண்டும். தப்பாகப் படித்த உடனே பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் விரலை வைத்துத் திருத்தினால், மாதக்கணக்கில் தனியாக முட்டிமோதுவது மிச்சம். இந்தப் பாடத்துக்குப் போவது வீண் செலவில்லை என்பது என் உறுதியான கருத்து. ஊர் சுற்றிக் காட்டும் பொதுவான 'ஐரோப்பியப் பண்பாடு' வகுப்பாக இருந்திருந்தால் நானும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். ஹேக் காப்பகத்தில் கம்பெனி ஆவணங்களின் தொகுப்பு எண் 1.04.02. அதில் தூத்துக்குடியிலிருந்து போன ஒரு கடிதத்தை இறக்கி, இப்போதே தினம் ஐந்து வரி படித்துப் பழகுங்கள். புரியாத இடத்தைக் குறித்துக்கொண்டு போய் அங்கே கேளுங்கள். அந்த ஆவணக்காப்பகம் ஹேக் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது, விடுமுறையாக இல்லாத நாளில் ஒரு நடை போய்வரலாம்.

முத்துநகர் மாணவி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பணத்தைத் தொடவில்லை. சித்தப்பா கடிதமும் சம்பளச் சீட்டும் அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். துறைத்தலைவர் ஆன் டியூட்டி தர ஒப்புக்கொண்டார், முதல்வர் கையெழுத்து மட்டும் பாக்கி. எழும்பூர் அண்ணா, விசாவுக்குச் சென்னை வரும்போது அந்தக் காப்பகத்துக்கும் துறைக் கடிதத்தோடு வந்து கேட்கப்போகிறேன். கடைசியாக ஒரு சந்தேகம்: விமான டிக்கெட்டை விலை ஏறுவதற்குள் எடுத்துவிடட்டுமா?

மெரினா காற்று:
வேண்டாம் தங்கச்சி. விண்ணப்பத்துக்கு முன்பதிவு நகல் போதும், பணம் கட்டிய டிக்கெட் விசா கைக்கு வந்த பிறகு. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 வரை இழுக்கும். அதனால் ஏப்ரலிலேயே விஎஃப்எஸ் எனும் விசா விண்ணப்ப மையத்தில் தேதியைப் பிடியுங்கள், கோடையில் சீக்கிரம் நிரம்பிவிடும். கைரேகைக்கு நேரில் வரணும். விசாக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. நிராகரித்தாலும் திரும்ப வராது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கணும், போகும் நாளும் வரும் நாளும் அதில் அடங்கணும். பாஸ்போர்ட்டில் இரண்டு பக்கம் காலியாக இருக்கிறதா, திரும்பும் தேதிக்கு அப்புறம் 3 மாதமாவது செல்லுமா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.